நிபந்தனை: கடுவன் குட்டி மட்டும்

அன்று ஞாயிற்றுக்கிழமை. கிரில் கதவுக்கு உள்ளே நாற்காலி போட்டு உட்கார்ந்து, திங்கட்கிழமைக்கான ஷூவுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தேன். ஒரு கை முழுக்கக் கறுப்பு. இன்னொரு கையில் காபி டம்ளர். அந்த நேரம் பார்த்து என் மகள்கள் இருவரும் வந்து எதிரே நின்றார்கள்.

பெரியவள் இலக்கியா அப்போது ஏழாம் வகுப்பு, சின்னவள் தென்றல் இரண்டாம் வகுப்பு. பெரியவள் கையில் நான்காக மடித்த வெள்ளைத்தாள். சின்னவளிடம் சிரிக்கக் கூடாது என்று யாரோ மிரட்டிக் கூட்டிவந்திருக்க வேண்டும். உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

“என்னம்மா?”

“மனுப்பா.”

காபியைக் கீழே வைத்துவிட்டு வாங்கிப் பிரித்தேன். அனுப்புநர்: இலக்கியா, தென்றல், படிக்கிற ரூம். பெறுநர்: உயர்திரு அப்பா அவர்கள், ஹால், பெரம்பலூர். பொருள்: நாய்க்குட்டி வளர்க்க அனுமதி வேண்டுதல் தொடர்பாக.

கீழே வரிசையாகக் காரணங்கள். நாய் இருந்தால் வீட்டுக்குப் பாதுகாப்பு. நாய் வந்துவிட்டால் நாங்கள் செல்போன் கேட்க மாட்டோம். அப்பா ஆபீஸிலிருந்து கோபமாக வரும்போது நாய் வாலாட்டும், எங்களால் வாலாட்ட முடியாது. இன்னும் இரண்டு மூன்று இருந்தன, மறந்துவிட்டது. ‘இணைப்பு: படம் ஒன்று’ என்று போட்டு, தென்றல் வரைந்த மிருகம் ஒன்றையும் குத்தியிருந்தார்கள். அதற்கு ஐந்து கால்கள் இருந்தன. அதைக் கேட்டபோது, “ஒண்ணு வாலுப்பா” என்றாள்.

“சரி, வச்சுட்டுப் போங்க. பாக்கறேன்.”

இரண்டு பேரும் நகரவில்லை.

“ரசீது குடுங்கப்பா,” என்றாள் பெரியவள்.

இதற்கு நான் யாரையும் குறை சொல்ல முடியாது. நான் சர்வேயர். ஆபீஸில் நடந்ததையெல்லாம் ராத்திரிச் சாப்பாட்டோடு சேர்த்துப் பரிமாறுகிற பழக்கம் உண்டு. வாயால் சொன்னால் எதுவும் நிற்காது, எழுதிக் கொடுக்க வேண்டும், கொடுத்ததற்கு ரசீது வாங்க வேண்டும், இல்லையென்றால் மனு கொடுக்கவே இல்லை என்று சொல்லிவிடுவார்கள் என்று பல வருஷமாகப் பாடம் எடுத்ததே நான்தான். பேப்பர் ஓரத்தைக் கிழித்து ‘பெற்றுக்கொண்டேன்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். பாலிஷ் கை பட்டு, பக்கத்திலேயே ஒரு கைரேகையும் விழுந்தது. பெரியவளுக்கு அதில் ரொம்பத் திருப்தி.

எனக்கும் நாய்க்கும்

இந்தத் தொடரை ஆரம்பத்திலிருந்து படித்து வருகிறவர்களுக்கு நான் அவ்வளவு தைரியசாலி இல்லை என்பது தெரிந்திருக்கும். நாய் விஷயத்தில் அது இன்னும் மோசம்.

நிலம் அளக்கப் போகிறவனை வரவேற்க ஊரில் முதலில் வருவது நாய்தான். மனுக் கொடுத்தவர் நாயைக் கட்ட மாட்டார், அவருக்கு நாம் வேண்டியவர்கள், அதனால் நாய்க்கும் வேண்டியவர்கள் என்று நினைத்துக்கொள்வார். எதிர்த்தரப்புக்காரர் ஏன் கட்ட மாட்டார் என்பதைச் சொல்லவே வேண்டாம். “ஒண்ணும் பண்ணாதுங்க சார், சும்மா வாங்க” என்பதுதான் என் சர்வீஸில் அதிகம் கேட்ட வாக்கியம். ஒருமுறைகூட அது உண்மையாக இருந்ததில்லை.

பூலாம்பாடிப் பக்கம் ஒரு மக்காச்சோளக் காடு. அண்ணன் தம்பி பாகப்பிரிவினை. நடுவில் இருந்த எல்லைக்கல்லைக் காணோம். அண்ணன் தன்னிடம் ஒரு நாய் வைத்திருந்தார், தம்பி தன்னிடம் ஒன்று வைத்திருந்தார். மனிதர்கள் இரண்டு பேரும் எட்டு வருஷமாக முகம் கொடுத்துப் பேசவில்லை. நான் சோளத்துக்குள் அளக்கிற செயினை இழுத்துக்கொண்டு குனிந்து வந்த நேரத்தில், நாய்கள் இரண்டும் ஒன்றாகச் சேர்ந்து வந்தன. அந்தக் குடும்பத்தில் ஒற்றுமையாக இருந்தது அதுகள்தான். கெண்டைச்சதையில் ஒன்று, பேன்ட்டில் ஒன்று. அண்ணனும் தம்பியும் ஆளுக்கொரு பக்கம் என்னைத் தாங்கித் தூக்கிக்கொண்டு வந்தார்கள். அன்றைக்கு அவர்கள் பேசிக்கொண்டார்கள் என்று பிற்பாடு கேள்விப்பட்டேன்.

அதற்கு முன்னால் வேப்பந்தட்டையில் ஒருமுறை. அதற்குப் பிறகு ஒருமுறை எங்கள் தெருவிலேயே, பால் வாங்கப் போனபோது. கையில் செயினும் இல்லை, நிலத்தின் புலப்படமும் இல்லை. ஆனாலும் அந்த நாய்க்கு நான் யாரென்று எப்படியோ தெரிந்திருந்தது.

ஊசி போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்து படுத்திருந்தபோது என் மனைவி கலைச்செல்வி கேட்டது இன்னும் நினைவில் இருக்கிறது. “என்னங்க, ஊர்ல இத்தன பேரு பால் வாங்குறாங்க. உங்கள மட்டும் ஏங்க கடிக்குது?” அவள் பள்ளிக்கூட டீச்சர். கேள்வி கேட்டால் பதில் வருகிறவரை பார்த்துக்கொண்டே இருப்பாள்.

இப்படிப்பட்டவன் கையில் வந்து சேர்ந்ததுதான் அந்த மனு.

பரிசீலனையில் உள்ளது

முடியாது என்று சொல்வது எங்கள் வேலையில் கிடையாது. முடியாது என்றால் ஏன் என்று கேட்பார்கள். ‘மனு பரிசீலனையில் உள்ளது’ என்று பதில் போட்டேன்.

அது ஒரு வாரம் தாங்கியது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை இன்னொரு தாள். ‘பார்வை: எங்களது மனு, தங்களது ரசீது.’ என்ன முடிவு ஆயிற்று என்று கேட்டிருந்தார்கள். நான் ஆட்சேபணைகளை எழுதிக் கொடுத்தேன். ஊருக்குப் போனால் யார் பார்த்துக்கொள்வது, சோறு யார் வைப்பது, அசிங்கம் பண்ணினால் யார் அள்ளுவது, தினமும் காலையில் யார் நடக்கக் கூட்டிப்போவது.

ஒவ்வொன்றுக்கும் பதில் வந்தது. ஊருக்குப் போனால் எதிர்வீட்டு ஆன்ட்டி பார்த்துக்கொள்வதாக அவர்களிடமே கையெழுத்து வாங்கியிருந்தாள் பெரியவள். அசிங்கம் அள்ளுவதற்குத் திங்கள், புதன், வெள்ளி ஒருத்தி, மற்ற நாள் ஒருத்தி. ஞாயிறு மட்டும் அப்பா என்று போட்டிருந்தது.

“நான் ஆட்சேபணை பண்ணல,” என்றாள் கலைச்செல்வி, இட்லி மாவைக் கரைத்தபடி. “ஆனா ஞாயித்துக்கெழம நீங்க அள்ளுறத நான் பாக்கணும்.”

கடைசிப் பிடி ஒன்று என்னிடம் மிச்சம் இருந்தது. காலை ஆறு மணிக்கு இவர்கள் எழுந்திருக்க மாட்டார்கள். பள்ளிக்கூடத்துக்கே ஏழரைக்குத் தண்ணீர் தெளித்து எழுப்ப வேண்டியிருக்கிறது. “எழுதறது யாரு வேணா எழுதலாம்மா. காலைல ஆறு மணிக்கு எந்திரிச்சு நடக்கணும். அத செஞ்சு காட்டுங்க, பாக்கலாம்,” என்றேன். என்னை நானே கொஞ்சம் மெச்சிக்கொண்டேன்.

மறுநாள் காலை ஆறு மணிக்குக் கதவு திறக்கிற சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தேன். இரண்டு பேரும் தெருவில் நடந்துகொண்டிருந்தார்கள். பெரியவள் கையில் கொடிக்கயிறு ஒன்று. கயிற்றின் மறுமுனை தரையில் இழுபட்டுக்கொண்டு வந்தது. தெருமுனை வேப்பமரம் வந்ததும் நின்றார்கள். கொஞ்ச நேரம் காத்திருந்தார்கள். பிறகு நகர்ந்தார்கள். நாய் என்றால் மரத்தடியில் நிற்கும் அல்லவா, அதற்காக நின்றார்களாம்.

பதினைந்து நாள் இப்படி நடந்தது. நான்காவது நாளோ ஐந்தாவது நாளோ, பேப்பர் போடுகிறவர் சைக்கிளை நிறுத்திச் சின்னவளிடம் கேட்டிருக்கிறார். “என்னா பாப்பா, கயிறு மட்டும் போவுது, நாய் எங்க?”

“இனிமேதாங்க வரும். நாங்க பழகிக்கிறோம்.”

அதைக் கேள்விப்பட்ட பிறகு என்னால் அவ்வளவு உறுதியாக இருக்க முடியவில்லை. ஒரு நாள் மழை. இன்றைக்குப் போக மாட்டார்கள் என்று போர்வையை இழுத்து மூடினேன். ஒரே குடைக்குள் இரண்டு பேரும் போனார்கள். கயிறு நனைந்துவிடக் கூடாது என்று அதைச் சுருட்டிக் கையில் வைத்துக்கொண்டு போனதாக என் மனைவி சொன்னாள்.

அன்றைக்குச் சாயங்காலம் உத்தரவு போட்டேன். ‘மனுதாரர்களின் கோரிக்கை ஏற்கப்படுகிறது. நிபந்தனை: கடுவன் குட்டியாக மட்டும் இருக்க வேண்டும்.’

அந்தக் கடைசி வரியை எழுத எனக்கு அரை நிமிஷம்கூட ஆகவில்லை. யோசித்து எழுதியதே இல்லை. எங்கள் பக்கம் நாய்க்குட்டி என்று பேச்செடுத்தால் முதல் கேள்வியே கடுவனா என்பதுதான். பொட்டை என்றால் வருஷத்துக்கு இரண்டு தடவை குட்டி போடும், தெரு நாயெல்லாம் வாசலில் வந்து நிற்கும், யாரால் ஆகும் என்பார்கள். கலைச்செல்வியின் அண்ணன் செல்வராசு மீன்சுருட்டியில் இருக்கிறார். அவர் வீட்டு நாய் குட்டி போட்டிருக்கிறது என்று தெரிந்து போன் பண்ணினேன். குட்டி எப்படி இருக்கிறது, கண் திறந்துவிட்டதா என்று எதுவும் நான் கேட்கவில்லை.

“மச்சான், கடுவன் இருக்கா?” என்றுதான் கேட்டேன்.

“உங்களுக்கு இல்லாமயா மாப்ள. நல்லா கொழுகொழுன்னு ஒண்ண எடுத்து வச்சிருக்கேன், வாங்க.”

மீன்சுருட்டியில்

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நான்கு பேரும் கிளம்பினோம். பெரம்பலூரிலிருந்து அரியலூர், அங்கிருந்து சிமென்ட் லாரிகளுக்குப் பின்னால் தூசியைத் தின்றுகொண்டே ஜெயங்கொண்டம், அப்புறம் மீன்சுருட்டி. கலைச்செல்வி ஒரு பையில் இரண்டு படி கம்பு எடுத்து வந்திருந்தாள். அவள் பிறந்த வீட்டில் நாய்க்குட்டியைச் சும்மா வாங்கிக்கொண்டு போகக் கூடாது. குட்டிக்குப் பதிலாகத் தானியம் கொடுக்க வேண்டும், அதைக் காய்ச்சித் தாய் நாய்க்கே ஊற்றுவார்கள். சின்னவள் பழைய கூடையில் தன்னுடைய சிவப்பு ஸ்வெட்டரை விரித்து மடியில் வைத்திருந்தாள். வழியெல்லாம் பெயர் வைக்கும் வேலை நடந்தது. டைகர், ராஜா, மன்னர் என்று எல்லாமே ஆண்பிள்ளைப் பெயர்கள், உத்தரவுக்குக் கட்டுப்பட்டவை.

மச்சான் வீட்டுக் கொல்லையில் வைக்கோல் போருக்குப் பக்கத்தில் தாய் நாய் படுத்திருந்தது. மூன்று கடுவன் குட்டிகள் அதன்மேல் விழுந்து புரண்டுகொண்டிருந்தன. அதில் ஒன்றின் கழுத்தில் கறுப்புக்கயிறு. எங்களுக்காக அடையாளம் போட்டு வைத்தது. மற்ற இரண்டையும் அன்று சாயங்காலம் வாங்க ஆள் வருவதாகச் சொன்னார் மச்சான்.

இலக்கியா அந்தப் பக்கம் பார்க்கவில்லை. அவள் பார்த்தது மாட்டுக்கொட்டகைத் தூணில் சாய்த்து வைத்திருந்த உரச்சாக்கை. வாய் கட்டாமல் இருந்தது. அதற்குள் ஏதோ அசைந்தது.

“அது என்னா மாமா?”

“அதுவும் குட்டிதாம்மா. ரெண்டும் பொட்ட. மார்க்கெட்டுப் பக்கம் மீன்கடை இருக்குல்ல, அங்க கொண்டு போயி வுட்டுடலாம்னு எடுத்து வச்சேன். நீங்க வந்துட்டீங்க.”

“ஏன் மாமா வுடணும்?”

“பொட்டக்குட்டிய யாரும்மா வாங்குறா? உங்க அப்பாவே கடுவன்தான கேட்டாரு.”

மச்சான் கெட்டவர் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. தாய் நாய்க்குத் தினமும் பால் ஊற்றிப் பிசைந்து சோறு வைக்கிறவர். மீன்கடையைத் தேர்ந்தெடுத்ததே, தலையும் குடலும் கிடைக்கும், பிழைத்துக்கொள்ளும் என்பதற்காகத்தான். ஊரில் எல்லாரும் செய்வதைச் செய்தார். நான் கேட்டதைச் சொன்னபோதும் அவர் குத்திக்காட்டவில்லை, உள்ளதைச் சொன்னார்.

இலக்கியா என் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்துக்கொண்டு கொல்லையில் கிடந்த கட்டிலுக்குப் போனாள். உத்தரவுத் தாளை அவள் கையோடு கொண்டு வந்திருந்தாள், அதைத் திருப்பிப் போட்டு எழுத ஆரம்பித்தாள். தென்றல் சாக்குக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்துகொண்டாள். காபி வந்தது. மச்சான் இந்த வருஷத்து விளைச்சலைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். நான் ம் கொட்டிக்கொண்டிருந்தேன். என் காது மட்டும் பேனா போகிற பக்கம் இருந்தது.

எழுதி முடித்ததும் அவள் என்னிடம் வரவில்லை. நேராக அம்மாவிடம் போய்க் கொடுத்தாள்.

“என்னாடி இது?”

“மேல்முறையீடு.”

கலைச்செல்வி படித்தாள். மாணவர்கள் தப்பில்லாமல் எழுதிவிட்டால் முகத்தில் எதையும் காட்ட மாட்டாள், அந்த முகத்தோடு படித்தாள். “நீங்களே பாருங்க,” என்று என்னிடம் நீட்டினாள்.

முகாம்: மீன்சுருட்டி என்று மேலே போட்டிருந்தது. கீழே இரண்டே வரிகள். ‘கடுவன் குட்டி மட்டும் என்ற நிபந்தனையை ரத்து செய்யுமாறு கேட்டுக்கொள்கிறோம். நாங்கள் இருவரும் பிறந்தபோது அப்பா இந்த நிபந்தனையைப் போடவில்லை என்பதைப் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறோம்.’

எனக்கு வெட்கமாக இருந்தது. சுற்றி வளைத்துச் சொல்ல ஒன்றுமில்லை, பிள்ளைகள் முன்னால் வெட்கமாக இருந்தது.

தென்றல் பிறந்த அன்று ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்றிருந்தேன். தன் மருமகள் பிரசவத்துக்கு வந்திருந்த பெரியவர் ஒருவர், முன்பின் தெரியாதவர், வந்து தோளில் கை வைத்தார். ரெண்டாவதும் பொண்ணாமே, வுடுங்க தம்பி, அடுத்தது பாத்துக்கலாம் என்றார். எனக்கு எங்கிருந்து அவ்வளவு கோபம் வந்ததோ. “எங்களுக்கு வேண்டியது வந்துருச்சுங்க,” என்று சொல்லிவிட்டுப் போய், வார்டு முழுக்க ஜிலேபி கொடுத்தேன். அவருக்கு மட்டும் இரண்டாகக் கொடுத்தேன். இந்தக் கதையை என் மகள்களிடம் எத்தனை தடவை சொல்லியிருப்பேன் என்று கணக்கில்லை. சொல்லச் சொல்ல ஜிலேபி கூடிக்கொண்டே போயிற்று. அந்தக் கதையின் கதாநாயகனான நான்தான் உட்கார்ந்து ‘கடுவன் குட்டியாக மட்டும்’ என்று எழுதி, அடியில் கையெழுத்தும் போட்டிருக்கிறேன்.

“குட்டி போடுமேம்மா,” என்றேன். என் குரல் எனக்கே ஒப்பவில்லை.

“கால்நடை ஆஸ்பத்திரில ஆபரேஷன் பண்ணிக்கலாம்,” என்றாள் கலைச்செல்வி. “அது உங்க ஆபீஸ் போற வழிதான.”

அதுவும் எனக்குத் தெரியாத சங்கதி இல்லை.

தாளை முழங்காலில் வைத்து, ‘நிபந்தனை ரத்து செய்யப்படுகிறது’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். பெரியவள் வாங்கி ஒருமுறைக்கு இருமுறை படித்துவிட்டுத்தான் மடித்தாள். தென்றல் அதற்குள் சாக்குக்குள் கையை விட்டிருந்தாள். ஒரு குட்டி அவள் சுண்டுவிரலைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தது. வெள்ளை உடம்பு, ஒரு காது மட்டும் செம்பழுப்பு.

“அப்ப இன்னொண்ணு?” என்று கேட்டாள்.

மச்சான் என்னைப் பார்த்தார். நான் கூடையைப் பார்த்தேன். அதில் ஒன்றுக்குத்தான் இடம் இருந்தது, என் தைரியத்திலும் ஒன்றுக்குத்தான் இடம் இருந்தது.

அதுவரைக்கும் அடுப்படியில் இருந்த மச்சான் மனைவி மல்லிகா, கம்பைப் புடைக்கிற முறத்தோடு கொல்லை வாசற்படிக்கு வந்தாள்.

“இன்னொண்ணு இங்கயே கெடக்கட்டும். என்னையுந்தான் பொட்டப்புள்ளன்னு பெத்தாங்க. சாக்குல போட்டா வுட்டாங்க? இந்த வூட்டுக்கு வந்து உங்க எல்லாருக்கும் சோறு பொங்கிப் போடல?”

மச்சான் எழுந்து போய்ச் சாக்கை உதறி, மடித்து, பரணில் போட்டார். “இத முன்னாடியே சொல்லியிருக்கலாம்ல,” என்றார்.

“நீங்க முன்னாடி கேட்டீங்களா?” என்றாள் மல்லிகா.

கறுப்புக்கயிறு கட்டிய கடுவன் குட்டியைப் பற்றி யாரும் கவலைப்படவில்லை. அதற்கு ஆள் வரும் என்பது எல்லாருக்கும் தெரியும்.

திரும்புகிற பஸ்ஸில்

ஜெயங்கொண்டத்தில் அரியலூர் பஸ் பிடித்தோம். முன் சீட்டில் மகள்கள், பின் சீட்டில் நாங்கள். கூடை என் மடியில் இருந்தது. வழியில் பிள்ளைகளுக்குக் குமட்டும், நாய் வேண்டுமானால் அப்பா மடியில் இருக்கட்டும் என்று என்னைக் கேட்காமலேயே தீர்மானம் ஆகியிருந்தது. குட்டி என் கட்டைவிரலை வாயில் போட்டு மென்றுகொண்டிருந்தது. நாய் பல் என் மேல் படுவது அது நான்காவது முறை. வலிக்கவில்லை. பயமாகக்கூட இல்லை, கொஞ்சம்தான் இருந்தது.

முன் சீட்டில் பெயர் விவகாரம் மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தது. டைகரும் ராஜாவும் மன்னரும் ரத்தாகிவிட்டார்கள்.

கண்டக்டர் வந்தார். நாலு அரியலூர் வாங்கினேன். மெஷினைத் தட்டிக்கொண்டே கூடைக்குள் எட்டிப் பார்த்தார்.

“குட்டியா சார்? மடியிலயே வச்சுக்குங்க, கீழ வுட்டுடாதீங்க.” டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டு மறுபடியும் குனிந்தார். “கடுவனா?”

“பொட்டைங்க.”

“அடடா.” உண்மையிலேயே வருத்தப்பட்டார் மனுஷன். “கடுவனா பாத்து எடுத்திருக்கலாமே சார்.”

எனக்குக் கோபம் வரவில்லை. காலையில் அவர் கையில் கூடை இருந்திருந்தால் நானும் அதைத்தான் சொல்லியிருப்பேன். முன் சீட்டில் பேச்சு நின்றுவிட்டது. இரண்டு தலையும் திரும்பவில்லை, ஆனால் இரண்டும் கேட்டுக்கொண்டிருந்தன.

“இல்லைங்க,” என்றேன். “எனக்கு இது மூணாவது பொண்ணு.”

கண்டக்டர் முன் சீட்டைப் பார்த்தார். பக்கத்தில் ஜன்னல் வழியாக வெளியே பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்த என் மனைவியைப் பார்த்தார். கூடையைப் பார்த்தார்.

“அப்ப சரிங்க சார்,” என்று சொல்லிவிட்டு அடுத்த சீட்டுக்குப் போனார்.